சிட்டிக்கு என்ன வேண்டும்? ‘2.0’ பெற்ற இரட்டை வரவேற்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

ரஜினிகாந்த் நடித்த ‘2.0’ படம் வெளியானது 2018 நவம்பர் 29, வியாழக்கிழமை. சிங்கப்பூரில் அது ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போனார்கள். முதல் பாகமான ‘எந்திரன்’ 2010 அக்டோபர் 1-ஆம் தேதி வந்தபோது அந்த வசதி கிடையாது. இங்கே அக்டோபர் என்றால் தேர்வு மாதம். அப்படியிருந்தும், படிக்க வேண்டிய பிள்ளைகள் வில்லனாக மாறிய ரோபோ சிட்டி மாதிரி ஆட்டுக்குரல் கொடுத்துக்கொண்டு அடுக்குமாடி புளோக் தாழ்வாரத்தில் திரிந்தார்கள். இரண்டாம் பாகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களோ, கடைத்தொகுதியில் மின்தூக்கிக்குக் காத்திருக்கும்போதே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

ஊரெல்லாம் சொன்ன தீர்ப்பு என்னவோ ஒன்றுதான்: கிராபிக்ஸ் பிரமாதம், கதை சுமார். எனக்கு இது போதவில்லை. ‘எந்திரன்’ கதையைச் சுருக்கிச் சொன்னால் அதுவும் சுமார்தான். விஞ்ஞானி வசீகரன் சிட்டி என்ற ரோபோவைச் செய்கிறார். ரோபோ விஞ்ஞானியின் காதலி சனாவையே காதலிக்கிறது. கெட்டவன் கையில் சிக்கிக் கெட்டுப்போகிறது. அதை யாரும் சுமார் என்று சொல்லிக் கேட்டதில்லை. அப்படியானால் இரண்டு படங்களுக்கும் நடுவே ஏதோ ஒன்று கைமாறியிருக்கிறது. அதைத் தேடிப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

ஆய்வு என்றதும் கருத்துக்கணிப்பு என்று நினைக்க வேண்டாம். படம் வந்த புதிதிலும், அண்மையில் இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தபோதும் என்னோடு மல்லுக்கு நின்றவர்களின் வாதங்கள்தான் சரக்கு. ஒருவர் தமிழாசிரியை. ஒருவர் துவாஸ் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர், பட்டுக்கோட்டைக்காரர். இன்னொருத்தி பலதுறைத் தொழிற்கல்லூரியில் அனிமேஷன் படித்த பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கூடவே அவளுடைய அம்மா.

எட்டு வருட இடைவெளி

இடையில் நிறைய நடந்துவிட்டது. 2011-ல் ரஜினி சிகிச்சைக்காகச் சிங்கப்பூர் வந்து சில வாரங்கள் தங்கியிருந்தார்; அந்த நாள்களில் இங்குள்ள ரசிகர்களுக்குச் சினிமா பேசவே மனம் வரவில்லை. ‘எந்திரன்’ வசனத்தில் பெரும்பங்கு வகித்த சுஜாதா, அந்தப் படம் திரைக்கு வருவதற்கு முன்பே, 2008 பிப்ரவரியில் காலமாகியிருந்தார். இரண்டாம் பாகத்துக்கு வசனம் எழுதியவர் ஜெயமோகன். அவர் 2016-ல் இங்கே வந்து தங்கி, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தைப் பற்றி எழுதியவை கிளப்பிய சூடு பலருக்கு ஆறவில்லை. ஆகவே படத்தின் வசனத்தைக் குறை சொன்னவர்களில் எத்தனை பேர் வசனத்தை மட்டும் மனதில் வைத்துச் சொன்னார்கள் என்பது எனக்குச் சந்தேகம்தான்.

செலவும் வேறு அளவுக்குப் போயிருந்தது. முதல் படம் ஏறத்தாழ 130 கோடி ரூபாய் என்றார்கள். இரண்டாவது 500 கோடியைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. முதல் படத்தைத் தயாரித்தது சன் பிக்சர்ஸ், இதைத் தயாரித்தது லைகா. படத்தை முப்பரிமாணக் கேமராவிலேயே எடுத்தார்கள். தட்டையாக எடுத்துப் பிறகு மாற்றிய படம் அல்ல இது. கிராபிக்ஸ் வேலை இழுத்துக்கொண்டே போனதால் வெளியீட்டுத் தேதி தள்ளித் தள்ளிப் போனது. 2017 அக்டோபரில் துபாயில் பாடல்களை வெளியிட்டுவிட்டார்கள், படம் வந்ததோ அதற்கு ஓராண்டுக்கு மேல் கழித்து. வானொலியில் பாட்டு பழசாகிப்போன பிறகு வந்த படம்.

இந்த இடைவெளியில் பார்வையாளர்களும் மாறியிருந்தார்கள். ‘தமிழ்ப் படத்திலா இப்படி!’ என்ற வியப்பு 2010-ல் தானாகக் கிடைத்தது. ‘பாகுபலி’ இரண்டு பாகங்களும் வந்து போன பிறகு அந்த வியப்பைச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரில் இது இன்னும் கூடுதல். ஃபியூஷனோபோலிஸ் பக்கம் லூகாஸ்ஃபிலிமின் சேண்ட்கிராலர் கட்டடம் 2014-ல் திறந்தது. ஹாலிவுட் படங்களுக்கான காட்சிகளை அங்கே உட்கார்ந்து செய்தார்கள். அந்த வேலைக்குப் போக ஆசைப்பட்டுப் படிக்கும் பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருந்தார்கள். நான் சொன்ன அனிமேஷன் பெண் அப்படி ஒருத்தி. ‘தமிழ்ப் படத்துக்கு இது பெரிசு’ என்ற சலுகையை அவள் யாருக்கும் தருவதில்லை.

கண்ணாடியும் வரியும்

அந்தப் பெண்ணிடமிருந்தே தொடங்குகிறேன். அவளுக்குத் தமிழ் பேச வரும். ஆனால் வேகமான வசனம் என்றால் கண் தானாகத் திரையின் அடிப்பகுதிக்குப் போய்விடும். சிங்கப்பூரில் தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகள் ஓடும், அவள் அதைப் படித்தே வளர்ந்தவள். முப்பரிமாணப் படத்தில் இந்தப் பழக்கம் தொல்லையாகிறது. இடது கண்ணுக்கும் வலது கண்ணுக்கும் சற்றே தள்ளித் தள்ளிக் காட்டப்படும் இரண்டு படங்களை மூளை சேர்த்துத்தான் ஆழத்தை உண்டாக்குகிறது. பறவையின் அலகு திரையைவிட்டு வெளியே நம் மூக்குக்கு நேராக வருகிறது. வரியோ திரை இருக்கும் தூரத்திலேயே நின்றால், முன்னே வந்த அலகின் மேல் பின்னே உள்ள எழுத்து ஒட்டியிருப்பது போன்ற ஒரு குழப்பம். வரியைப் படிக்கக் கண் ஒரு தூரத்துக்கும், பறவையைப் பார்க்க வேறு தூரத்துக்கும் மாறி மாறிக் குவிய வேண்டும். கொஞ்ச நேரத்தில் தலை வலிக்கும்.

“எழுத்தப் பாக்கவா, பறவையப் பாக்கவா அங்கிள்? நான் படிக்கறத விட்டுட்டேன்” என்றாள்.

அதாவது பாதிப் படத்தை அவள் ஊமைப்படமாகப் பார்த்திருக்கிறாள். என்னோடு பேசியவர்களிலேயே படத்தை மிகவும் ரசித்தவள் அவள்தான். சென்னைத் தெருக்களில் கையில் இருந்த கைப்பேசிகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு வானத்துக்குப் போவது. சாலை முழுக்க ஒளிரும் திரைகள் செதில் செதிலாக ஊர்ந்து வருவது. அவை சேர்ந்து ஒரு ராட்சதப் பறவையாக எழுவது. இறகு ஒவ்வொன்றும் ஒரு கைப்பேசி என்பதை அவள் எனக்குப் படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். சிறகு மடங்கும்போது திரைகள் அணைந்து கறுப்பாகின்றன, விரியும்போது எரிகின்றன. இதை யோசித்தவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்கும் மறுப்பில்லை.

அவளுடைய அம்மா ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டு பார்த்தார். படம் பிடிக்கவில்லை என்று முதலில் சொன்னவரும் அவரே. ஒரே வரிசையில் அடுத்தடுத்த இருக்கைகளில் உட்கார்ந்திருந்த இருவருக்கும் இவ்வளவு தூரம் இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்தப் படம் கண்ணுக்குச் சொன்ன கதை ஒன்று, காதுக்குச் சொன்ன கதை வேறு. பறவை எப்படி உருவாகிறது என்று கண் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு, எதிர்மறை ஆற்றல், ஒளிவட்டம் என்று வசீகரன் நின்று விளக்கிக்கொண்டிருப்பார். அந்த விளக்கத்தைக் கேட்காதவர்கள் பிழைத்தார்கள்.

பட்டுக்கோட்டைக்காரர் கதை நேர்வழி. ஞாயிற்றுக்கிழமை விடுதி நண்பர்களோடு தேக்காவில் சாப்பிட்டுவிட்டுப் படத்துக்குப் போனவர். முதல் பாதியில் பாதி நேரம் தூங்கியதாக அவரே சொன்னார், இரவு வேலை முடித்து வந்த அலுப்பு. “கடைசி அரை மணி நேரம் போதும்ணே. தலைவர் திரும்பி வந்தாருல்ல, காசு செரிச்சிப் போச்சு.” திரும்பி வந்த தலைவர் என்று அவர் சொன்னது சிவப்புச் சில்லு (சிப்) பொருத்தப்பட்ட சிட்டியை.

சிவப்புச் சில்லு

அந்தச் சில்லில்தான் விஷயம் இருக்கிறது.

‘எந்திரன்’ படத்தில் சிட்டிக்கு நடப்பதெல்லாம் அவன் எதையோ கற்றுக்கொள்வதால் அல்லது எதையோ விரும்புவதால் நடக்கிறது. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து ஒரு பெண்ணைக் குளியலறையிலிருந்து அப்படியே தூக்கி வந்து கேமராக்களுக்கு முன்னால் நிறுத்துகிறான். உயிரைக் காப்பாற்றியவனுக்கு மானம் என்றால் என்ன என்று தெரியாது. அவள் ஓடிப்போய் வண்டியில் அடிபட்டுச் சாகிறாள். அந்தச் சாவிலிருந்துதான் அவனுக்கு உணர்ச்சியைக் கற்றுக்கொடுக்கும் முயற்சி தொடங்குகிறது. உணர்ச்சி வந்ததும் சனாவின் மேல் ஆசை வருகிறது. ஆசையை வசீகரனும் மறுக்கிறார், சனாவும் மறுக்கிறாள். மறுத்ததால் அவன் ராணுவ அதிகாரிகள் முன் சொதப்புகிறான், வசீகரன் வெட்டிப் போடுகிறார், குப்பையிலிருந்து அவனை எடுத்த கெட்ட விஞ்ஞானி போரா அவனுக்குள் சிவப்புச் சில்லை வைக்கிறான். ஒன்று இன்னொன்றைப் பெறுகிறது. கடைசியில் நீதிமன்ற உத்தரவின்படி சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கிறான். அந்தக் காட்சியில் அழுத பெரியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாம் பாகம் தொடங்க வேண்டுமானால் அந்த முடிவைக் கலைத்தாக வேண்டும். கலைக்கிறார்கள், தப்பில்லை, தொடர்ச்சிப் படம் என்றாலே அதுதான். ஆனால் மறுபடி பூட்டி எழுப்பிய சிட்டிக்கு என்ன வேண்டும்? யோசித்துப் பார்த்தேன், எதுவுமில்லை. கூட இருக்கும் பெண் ரோபோ நிலாவுக்கு அவன்மேல் பிரியம் இருக்கிறது, அதைத் தடுக்க யாரும் இல்லை. சனா தொலைபேசியில் குரலாக மட்டும் வந்து போகிறாள், பழைய காயம் கிளற வழியில்லை. அரசாங்கம் கூப்பிட்டது, வந்தான், பணி செய்தான். கழற்றப்பட்ட காலத்தைப் பற்றி அவனுக்குக் கோபம்கூடக் கிடையாது.

சிவப்புச் சில்லுக்கு வருவோம். முதல் படத்தில் அது கேடு. கெட்டவன் கையால் வைக்கப்பட்டது. அதை எடுத்த பிறகுதான் சிட்டி பழைய சிட்டியாகிறான். இரண்டாம் படத்தில் நொறுங்கிப் போன சிட்டியை எழுப்ப நிலாவே அதை எடுத்துப் பொருத்துகிறாள், ஜெயிப்பதற்காக. அன்று விஷமாக இருந்த அதே பொருள் இன்று மருந்து. இது எவ்வளவு பெரிய திருப்பம்! வசீகரனின் கொள்கையே இங்கே தலைகீழாகிறது. இதைப் பற்றி ஒருவராவது ஒரு நிமிடம் தயங்கியிருக்கலாம். படம் தயங்குவதில்லை. பின்னணி இசை ஏறுகிறது, அரங்கில் விசில் பறக்கிறது. பட்டுக்கோட்டைக்காரரும் நண்பர்களும் எழுந்து நின்ற இடம் அது. தமிழாசிரியை நாற்காலியில் சாய்ந்துவிட்ட இடமும் அதுவே.

‘கலவையான வரவேற்பு’ என்று பத்திரிகைகள் எழுதும்போது, நல்ல காட்சிகளை ஒருசாராரும் கெட்ட காட்சிகளை மறுசாராரும் சொன்னது போல ஒரு தோற்றம் வருகிறது. இங்கே நடந்தது அதில்லை. ஒரே காட்சியே இருவரையும் பிரித்தது. ரஜினியைப் பார்க்க வந்தவர்களுக்கு ரஜினி கிடைத்தார். சிட்டியைப் பார்க்க வந்தவர்களுக்குச் சிட்டி கிடைக்கவில்லை.

சிட்டியிடமிருந்து எடுத்ததை எங்கே வைத்தார்கள்? வில்லன் பக்ஷிராஜனிடம். பறவையியலாளர் சாலிம் அலியை நினைவூட்டும் தோற்றத்தில் அக்ஷய் குமார். பறவைகள்மேல் ஆசை, அந்த ஆசைக்கு எல்லா வாசலிலும் மறுப்பு. கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சு பறவைகளைக் கொல்கிறது என்று அமைச்சரிடம் போகிறார், நிறுவனங்களிடம் போகிறார், வழக்குப் போடுகிறார், மக்களிடம் கெஞ்சுகிறார். யாரும் காதில் வாங்கவில்லை. கைப்பேசிக் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறார்; அவருடைய ஆவிதான் அந்தக் கைப்பேசிப் பறவை. முதல் படத்தில் சிட்டிக்கு இருந்த தனிமை, நிராகரிப்பு, உடைந்துபோதல் எல்லாம் அப்படியே இவருக்கு வந்துவிட்டன. அந்தப் பின்கதையில் வரும் பாடல் நா. முத்துக்குமார் எழுதியது, அவர் 2016-லேயே போய்விட்டார், படத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. படம் பிடிக்கவில்லை என்ற அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டது அங்கேதான். ஆக, படத்தின் இதயம் வில்லனிடம் இருக்கிறது, சம்பளம் மட்டும் கதாநாயகனுக்கு.

கோபுரங்கள் பற்றி ஒரு கிளைக்கதை

வெளியீட்டுக்கு முன்பே இந்தியக் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் புகார் கொடுத்தது, படம் அறிவியலுக்குப் புறம்பான பயத்தைப் பரப்புகிறது என்று. நிறுவனங்கள் தங்கள் பிழைப்பைக் காக்கத்தான் பேசும், அதை ஒதுக்கிவிடுவோம். ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011 மே மாதம் ரேடியோ அலைகளை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்ற பட்டியலில் சேர்த்தது. உறுதியான சான்று என்று அது சொல்லவில்லை. கோபுரக் கதிர்வீச்சு பறவைகளைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறது என்பதற்குச் சான்று கிடையாது. சிட்டுக்குருவி குறைவதற்குக் கூடு கட்ட ஓட்டு வீடுகள் இல்லாமல் போனது, குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி இல்லாமல் போனது என்று வலுவான காரணங்கள் பல இருக்கின்றன. மின்காந்த இரைச்சலால் பறவை திசை தடுமாறும் என்பது மட்டும் வெறும் கற்பனை இல்லை. ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் ராபின் பறவைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் வெளியானது. நகரத்து மின்காந்த இரைச்சலில் அவற்றின் காந்தத் திசைகாட்டி வேலை செய்யவில்லை. கூண்டு இருந்த குடிலை அலுமினியத் தகட்டால் மறைத்ததும் வேலை செய்தது. ஆனால் அங்கே தொல்லை கொடுத்தவை பண்பலைக்கும் கீழே, 5 மெகாஹெர்ட்ஸுக்கு உட்பட்ட அலைகள். கைப்பேசி அலைகள் அதைவிட நூறு மடங்குக்கு மேல் உயர்ந்த அலைவரிசையில் இருப்பவை. படத்துக்கு இதைவிட நல்ல கதை அந்த ஆய்வில் இருந்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. இந்தியா 2012 செப்டம்பரிலேயே கோபுரக் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிட்டது. சிங்கப்பூர் பின்பற்றுவது அந்தச் சர்வதேச வரம்பை. காகிதக் கணக்குப்படி பக்ஷிராஜன் முதலில் கோபித்துக்கொள்ள வேண்டியது எங்கள் புளோக் மொட்டைமாடியை. அந்த மாடிக்குக் கீழே மைனாக்கள் போடும் சத்தத்தில் சாயங்காலம் தொலைக்காட்சிச் செய்தி காதில் விழாது. (மைனாவும் காகமும் எந்த நகரத்திலும் பிழைத்துக்கொள்ளும் சாதி, அவற்றை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது என்பதும் உண்மை.) சிங்கப்பூரில் பறவை சாவதற்குக் கண்ணெதிரே தெரியும் காரணம் கண்ணாடி. நம்மூர் ஆறுமணிக்குருவிக்கு உறவான நீலச்சிறகுப் பிட்டா வலசை வரும் வழியில் கண்ணாடிச் சுவர்களில் மோதி விழுகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் இது அதிகம். ‘2.0’ இங்கே ஓடியதும் அந்தப் பருவத்தில்தான். படம் பார்த்துவிட்டுக் கைப்பேசியை அணைத்து வைத்த பிள்ளைகள் இருந்தார்கள். கடைத்தொகுதிக் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்க யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆசிரியை இதில் என்னோடு ஒத்துப்போகவில்லை. அறிவியல் தப்பாக இருந்தால் என்ன, பறவைக்காக ஒருவன் உயிரை விட்டான் என்று எந்தப் படம் சொல்லியிருக்கிறது என்று கேட்டார். பேகனையும் சிபியையும் பாடம் நடத்துகிறவர் கேட்கும் கேள்வி. அதற்கு நான் சொன்ன பதில்தான் அடுத்த காட்சி.

புறாக்கள்

உச்சக்கட்டத்தில் பக்ஷிராஜன் வசீகரனின் உடலுக்குள் புகுந்திருக்கிறார். அடித்தால் வசீகரனும் சாவார். அந்த முடிச்சை அவிழ்க்க வருபவை விரல் அளவு ‘குட்டி’ ரோபோக்கள், 3.0. புறாக்களின் முதுகில் ஏறி வருகின்றன. அந்தப் புறாக்களையே பிணையாக வைத்து மிரட்டுகின்றன. பறவைகள் சாவதைப் பொறுக்காத பக்ஷிராஜன் வசீகரனை விட்டு வெளியேறுகிறார், தோற்கிறார்.

அரங்கில் குழந்தைகள் கைதட்டினார்கள், குட்டிகள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஆனால் நடந்தது என்ன? பறவைக்காகச் செத்தவனை, பறவையின் கழுத்தில் கத்தி வைத்துத் தோற்கடித்தார்கள். செய்தது நல்லவர்கள் பக்கம். வில்லன் கடைசிவரை தன் கொள்கையை விடவில்லை, அதனால்தான் தோற்றார். இதைக் கேட்டதும் ஆசிரியை சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ அந்தப் படத்துல தர்மம் அவர் பக்கம்தான் சார்” என்றார். நான் சொன்னதும் அதைத்தான். முதல் படத்து எழுத்தாக இருந்தால் இந்தத் தந்திரத்தைச் செய்துவிட்டுச் சிட்டி ஒரு கேள்வியாவது கேட்டிருப்பான். இங்கே படம் வில்லனின் நோக்கம் நல்லதுதான் என்று ஒரு சலுகை வார்த்தையோடு நகர்ந்துவிடுகிறது. பிறகு பெயர்ப்பட்டியல் ஓடும்போது சிட்டியும் நிலாவும் ஆடிப் பாடுகிறார்கள். சிங்கப்பூரில் பாதிப் பேர் அந்தப் பாட்டை நடைபாதையில் நின்றபடி, முப்பரிமாணக் கண்ணாடியைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே பார்த்தார்கள்.

இதையெல்லாம் அனிமேஷன் பெண்ணிடம் சொன்னேன். கோப்பிக் கடையில் தே ஓ கொசோங்கை (பாலும் சர்க்கரையும் போடாத தேநீர்) ஆற்றியபடி முழுதும் கேட்டாள். அவள் வாதம் வேறு. சிட்டி ஒருமுறை ஆசைப்பட்டான், அதற்காக அவனைத் துண்டு துண்டாகக் கழற்றினார்கள். மறுபடி பூட்டும்போது அவனுக்கு ஆசையே இருக்கக் கூடாது என்றுதானே எந்த விஞ்ஞானியும் செய்வார்? வசீகரன் செய்ததும் அதுதான். “உங்களுக்கு அவன் இன்னொரு வாட்டி அழணும் அங்கிள். அவனுக்கு எதுக்கு?” என்றாள்.

படத்தில் அப்படி ஒரு வசனமோ காட்சியோ இல்லை, இது நீயாக இட்டுக்கட்டியது என்றேன். இல்லாததைத்தானே நீங்களும் இவ்வளவு நேரம் தேடினீர்கள் என்று கேட்டுவிட்டு, பறவையின் சிறகு மடங்கும் காட்சியை மறுபடி ஓடவிட்டாள்.